ஜூலையில் சுடப்பட்ட ஓநாய்

அந்த வியாழக்கிழமை பின்னேரம் ஒஸ்லோவின் ஹவுகெட்டோ பகுதியில் ராசமலரின் வீட்டு மணியை அடித்தவர் அறுபது செம்மறியாடுகளுக்குச் சொந்தக்காரர். நோர்வேயில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது ராசமலருக்கு அன்றுதான் தெரிந்தது.

“நான் துஷாந்த். மனிசி எமிலியின்ரை தகப்பன்ரை பண்ணை, ஸ்கூக்டாலிலை கிடக்கு. ஏழு வருசமா நாங்கள்தான் பாக்கிறம்,” என்றார் வந்தவர். வயது முப்பத்தைந்து இருக்கும். வெயிலில் சிவந்த முகம்.

ராசமலர் இருபத்திரண்டு வருடங்கள் ஒஸ்லோ நீதிமன்றங்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிறர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் வாங்கிப் பழகிய காது அவருக்கு. 2004இல் வேலையை விட்ட பிறகு, பொலிசுக்குப் போகத் தயங்குகிறவர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். இந்த இரண்டு வருடங்களில் ஒருவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. மேல்மாடியில் குடியிருந்த பஸ் சாரதி ஆனந்தராஜாவுக்கு இந்த வழக்குகளில் தீராத ஆசை. அன்று அவருக்கு வேலை இல்லை. கதிரையின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“பிரச்சினை என்ன, தம்பி?”

“ஓநாய், அன்ரி.”

ஸ்கூக்டால் ஒஸ்லோவுக்குக் கிழக்கே, காரில் ஒன்றரை மணிநேரத் தூரம். காட்டுக்கு ஓநாய்கள் திரும்பியதிலிருந்து ஆடுகளை அங்கே மேயவிட முடியவில்லை. பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடம் வரை பெற்றோர் பிள்ளைகளுக்குத் துணை போகிறார்கள். ஓநாயைக் காக்கும் சட்டத்தை ஒஸ்லோவில் எழுதுகிறார்கள், சாவது எங்கள் ஆடு என்பது ஊரின் கோபம். போன கிழமை துஷாந்தின் மூன்று ஆடுகள் தொண்டையில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. வனவிலங்குத் துறையின் கள அலுவலர் வந்து பார்த்தார். ஒரே ஒரு ஓநாயைச் சுட ஐந்து நாள் அனுமதி கிடைத்தது. திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு வேட்டைக்குழுத் தலைவர் ஒட்வார் அதைச் சுட்டுவிட்டார்.

“அப்ப எல்லாம் முடிஞ்சுதே!” என்றார் ஆனந்தராஜா ஏமாற்றத்தோடு.

“ஊருக்கு முடிஞ்சுது. நாளையிண்டைக்குச் சனிக்கிழமை, எல்லாரும் ஆடுகளைக் காட்டுக்கை விடப்போறம். எனக்குத்தான் மனம் ஒருப்படுதில்லை. ஏனெண்டு சொல்லத் தெரியேல்லை. வாய் திறந்தால், ஓநாய்க்குப் பக்கம் கதைக்கிறான், வந்தான் வரத்தான் எண்டு சொல்லிப்போடுவினம்.”

“ஓநாயைத் தொட்டனீரோ?”

“ஓம். ஆறு பேரும் ஆளுக்கொரு இடத்திலை தனியக் காவல் நிண்டனாங்கள். வெடிச் சத்தம் கேட்டு இருபது நிமிசத்திலை நான் போயிட்டன். ஒட்வாரோடை சேர்ந்து தூக்கினனான். மரக்கட்டை மாதிரி விறைச்சுக் கிடந்தது. நாய் சுருண்டு படுக்குமே, அப்பிடி.”

தன் தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினார். சாம்பல் நிற மயிர் அடர்ந்து, ஒட்வாரின் விரல்கள் அதற்குள் மறைந்திருந்தன. கீழே புல் நனைந்து மினுங்கியது.

“மழை பெய்ததோ?”

“ஒரு கிழமையா இல்லை. சுத்திவரப் புல்லு காய்ஞ்சுதான் கிடந்தது.”

“இரத்தம்?”

“கனக்க இல்லை, அன்ரி.”

“இதுக்கு முதல் ஓநாயை ஆராவது கண்டவையோ?”

“ஜூன் நடுவிலை கெர்ட் எண்ட வயசுபோன மனிசி ஓடைச் சேத்திலை தடம் கண்டவ. அலுவலர் அளந்து பாத்து ஓநாய்தான் எண்டவர்.” துஷாந்த் ஒரு பத்திரிகைத் துண்டை நீட்டினார். “இது அனுமதிக்கு முதல் நடந்த ஊர்க் கூட்டம். ‘அது எங்கடை ஆடுகளை விடாது’ எண்டு ஒட்வார் கத்தினவர்.”

ராசமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோர்வேஜிய மொழியில் இருந்த செய்தியை இரண்டு தரம் வாசித்தார். ஒட்வார் சொன்ன வரியில் ஒரு சொல்லின் கீழ் கோடிட்டார்.

“சுட்டது ஆணோ, பெண்ணோ?”

“பெண்.”

“நாளைக்கு உங்கடை ஊருக்கு வாறம். ஆனந்தராஜா, உம்மடை கார் ஓடுமோ?”

“இப்பவே ஓடும், அக்கா!”

மறுநாள் ஒட்வார் புல் வெட்டப் போயிருந்த நேரத்தில் அவருடைய பண்ணை முற்றத்தின் வழியாக மூவரும் நடந்தார்கள். பொதுப் பாதை அதற்குள்ளால்தான் போனது. களஞ்சியத்தின் வாசலில், ஒரு ஆள் படுக்கக்கூடிய நீளத்தில் ஆழ்குளிர்ப் பெட்டி ஒன்று மூடி திறந்தபடி நின்றது. உள்ளே தேய்த்துக் கழுவிக் காயவிட்டிருந்தார்கள்.

“விக்கப்போறார் போல,” என்றார் ஆனந்தராஜா. “ஜூலை மாதத்திலை இறைச்சிப் பெட்டியை ஏன் வெறுமையாக்கினவர்?”

“நல்ல கேள்வி,” என்றார் ராசமலர்.

முற்றத்து ஓரத்தில் வெறும் நாய்க்கூடு இருந்தது. வாசலில் புல் முளைத்திருந்தது. “ஒட்வாரின்ரை வேட்டை நாய்,” என்றார் துஷாந்த். “பெப்ரவரியிலை காட்டிலை காணாமல் போச்சு எண்டவர். பத்து வருசம் வளத்தது.”

ஆனந்தராஜா நின்றுவிட்டார். “எனக்கு விளங்கிட்டுது, அக்கா! அவர் சுட்டது ஓநாயே இல்லை. தன்ரை நாயைத்தான்!”

“படத்திலை இருக்கிறது ஓநாய்தான். ஆனா அந்த நாயை நீர் மறந்திடாதையும்.”

மாலை ஆறு மணிக்கு ஊர் மண்டபத்தில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். சனிக்கிழமை யார் எந்தப் பக்கம் ஆடு விடுவது என்று பேசவே கூட்டம். மேசைகளில் கோப்பியும் வாஃபிளும். துஷாந்த் எழுந்து, ஆட்டுப்பட்டிக் கதவுகளைத் திறக்குமுன் தன் விருந்தாளி சொல்வதைக் கேட்கும்படி வேண்டினார். மனைவி எமிலி அவர் பக்கத்தில் எழுந்து நின்றாள்.

“ஒஸ்லோக்காரி நமக்கு ஓநாய்ப் பாடம் எடுக்கப்போகிறாளா?” என்று யாரோ கேட்டார்கள்.

“இல்லை,” என்றார் ராசமலர், நிதானமான நோர்வேஜிய மொழியில். “எனக்குத் தெரிந்தது சொற்கள். உங்கள் முந்திய கூட்டத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்தியில் எல்லோரும் ஓநாயை ‘ஹன்’ என்கிறீர்கள். அவன். முகம் தெரியாத ஓநாயை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒட்வார் மட்டும் ‘ஹுன்’ என்கிறார். அவள் விடமாட்டாள் என்கிறார். நான்கு நாளுக்குப் பிறகு சுடப்பட்டது பெண்ணாகவே இருந்தது. தமிழில் இரண்டுக்கும் ‘அது’தான். அதனால் துஷாந்த் என்னிடம் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது.”

“வாய் தவறியிருக்கும்,” என்றார் ஒட்வார். அறுபது வயது, அகன்ற தோள்கள்.

“இருக்கலாம். ஆனால் இருபது நிமிடத்துக்கு முன் சுட்ட மிருகம் விறைக்காது. அதற்குச் சில மணிநேரம் வேண்டும். காய்ந்த காட்டில் அதன் கீழே மட்டும் நீர் ஊறாது. இரத்தம் இல்லாமல் போகாது. அதோடு இந்த மயிரைப் பாருங்கள்.” படத்தை முன்வரிசைக்குக் கொடுத்தார். “நீங்கள் மிருகங்களோடு வாழ்கிறவர்கள். நீங்களே சொல்லுங்கள். இது எந்த மாதத்து மயிர்?”

படம் கைமாறியது. கெர்ட் அதை நெடுநேரம் பார்த்தார்.

“மாரிக் குளிருக்கு வளர்ந்த மயிர்,” என்றார். “ஜூலையில் ஓநாய் மயிர் உதிர்ந்து மெலிந்து தெரியும்.”

“அது மாரியில் செத்தது. ஒரு பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்பட்டு உறைந்தது. அனுமதி கிடைத்ததும் வெளியே எடுக்கப்பட்டது. வெளிப்புறம் இளகிவிட்டது, உள்ளே உறைவு விடவில்லை. அந்தப் பெட்டி இப்போது களஞ்சிய வாசலில் காய்கிறது. திங்கட்கிழமை நீங்கள் கேட்டது வானத்தை நோக்கி வைத்த வெடி.”

ஒட்வார் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. கதவுப் பக்கம் போகப்போகிறார் என்று ஆனந்தராஜா குறுக்கே வந்து நின்றார். ஆனால் ஒட்வார் நின்ற இடத்திலேயே நின்றார்.

“உங்கள் நாய் காணாமல் போகவில்லை, இல்லையா?” ராசமலரின் குரல் தணிந்தது.

“பனிச்சறுக்குப் பாதையில்,” என்றார் ஒட்வார். “என் கண்ணுக்கு முன்னால் ஓநாய் அதைப் பிடித்தது. நான் கத்தினேன், அவள் விடவில்லை. நாய்க்காக ஓநாயைச் சுடச் சட்டத்தில் இடமில்லை என்று எனக்குத் தெரியும். சுட்டேன். ஐந்து மாதம் அதை அந்தப் பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்தேன். அனுமதி வந்தபோது, இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.”

மண்டபத்தில் பலர் தலை குனிந்தார்கள். “நானும் சுட்டிருப்பேன்,” என்று ஒருவர் சொன்னார். “இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? ஓநாய் செத்தது செத்ததுதானே!”

“கெர்ட்,” என்றார் ராசமலர், “நீங்கள் தடம் கண்டது எந்த மாதம்?”

“ஜூன்.” சொன்னதும் கிழவியின் கை வாயைப் பொத்தியது.

“பெப்ரவரியில் செத்த ஓநாய் ஜூனில் நடக்காது. போன கிழமை மூன்று ஆடுகளைக் கடிக்கவும் மாட்டாது. ஒட்வாரின் ஓநாய் இப்போது ஆய்வுகூடத்தில் இருக்கிறது. அங்கே உண்மை தெரியவரும், ஆனால் மூன்று கிழமை செல்லும். நீங்கள் நாளைக்கே கதவுகளைத் திறக்கிறீர்கள். ஆடுகளைக் கொன்ற ஓநாய் இன்னும் அந்தக் காட்டில்தான் இருக்கிறது.”

ஒட்வாரின் முகம் வெளிறியது. “ஆடுகளைக் கடித்தது வேறு காட்டுக்குப் போயிருக்கும் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்,” என்றார். பிறகு துஷாந்தைப் பார்த்தார். “உன் மந்தை முழுவதும் போயிருக்கும்.”

ஒட்வார் சுவரில் இருந்த தொலைபேசி அருகே போய், எல்லோர் முன்னிலையிலும் பொலிசுக்குத் தன் பெயரைச் சொன்னார்.

“இனி ஒஸ்லோவில் யார் நம்மை நம்புவார்கள்?” என்று கெர்ட் கேட்டார். “உண்மையிலேயே ஓநாய் வந்தது என்றாலும் பொய் என்பார்கள்.”

“எழுதுங்கள்,” என்றார் ராசமலர். “இன்றைக்கே, ஒஸ்லோவுக்கு. முதலில் ஒட்வார் செய்ததை எழுதுங்கள். அதற்குப் பிறகு ஜூன் தடத்தையும் மூன்று ஆடுகளையும் எழுதுங்கள். அதே வரிசையில். தன் பிழையை முதலில் சொல்கிறவனின் பேச்சை நீதிபதிகள் கடைசிவரை கேட்பார்கள். இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.”

கடிதத்தை எழுத ஊர் துஷாந்தைத்தான் கேட்டது. முப்பது பேரும் ஒப்பமிட்டார்கள். மூன்றாவது ஒப்பம் ஒட்வாருடையது.

சனிக்கிழமை ஒரு கதவும் திறக்கவில்லை. ஞாயிறு காலை, துஷாந்தின் மேய்ச்சல் நிலத்துக்கு வெளியே ஈரமண்ணில் கெர்ட் புதிய தடம் கண்டார். தொலைபேசியில் சொன்ன இரண்டு மணிநேரத்தில் கள அலுவலர் அளவுகோலோடு வந்து இறங்கினார். ஆண் ஓநாய், பெரியது என்றார். அவர் அனுப்பிய மின்வேலிக் கம்பிகள் திங்கட்கிழமை வந்தன. துப்பாக்கிகளைப் பொலிசிடம் கொடுத்துவிட்ட ஒட்வார் முதல் ஆளாக வந்து கம்பம் அடித்தார். ஆனந்தராஜா விடுமுறை எடுத்துக்கொண்டு போய்க் கம்பி இழுத்தார்.

அந்தக் கோடையில் ஸ்கூக்டாலில் அதன்பிறகு ஒரு ஆடும் சாகவில்லை.