ஓர்க்கிட்டுக்குக் கவ்வாத்து

கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடக்கும்போது தரை மாரியாயியின் வெறுங்காலைப் பிடித்துப் பிடித்து விட்டது. சிந்திய தேத்தண்ணி காய்ந்தால் வருமே, அந்தப் பசை. துடைத்தாள். மறுநாளும் இருந்தது. முழங்காலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஜன்னல் கம்பியில் தொங்கிய ஓர்க்கிட் சட்டியிலிருந்து ஒரு துளி அவள் புறங்கையில் விழுந்தது. அன்று அவள் செடிக்குத் தண்ணீரே ஊற்றவில்லை.

இலையைத் திருப்பிப் பார்த்தாள். நடு நரம்பை ஒட்டி, பருப்பளவில், பழுப்பாக, ஓடு ஓடாகச் செதிள்பூச்சிகள். கால் இல்லை, தலை தெரியவில்லை. இலையோடு பிறந்த மருவைப் போல உட்கார்ந்த இடத்திலேயே சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. உறிஞ்சியது போக மிச்சம்தான் கீழே சொட்டியது. அந்த இனிப்புக்காக எறும்புகள் சுவரோரம் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

பதுளை டவுனுக்கு மேலே, ஏற்றம் முடியும் இடத்தில் கடைசி வீடு அது. புவனேந்திரன் ஐயா பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். பாரிசவாதம் வந்து விழுந்தபின் இமைகளைத் தவிர எதுவும் அசையாது. ஒருதரம் இமைத்தால் ஆமாம், இரண்டுதரம் இமைத்தால் இல்லை. அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்த மாரியாயி அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். புருஷன் செத்துப்போனான். தோட்டத்து லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பிராவில் தம்பி குடும்பம் ஏறிக்கொண்டது. "அப்பா இருக்கிற வரைக்கும் அது உங்க வீடு, அக்கா" என்று கனடாவிலிருந்து ஐயாவின் மகள் தயானி சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு எங்கே போவது என்று மாரியாயி கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும்.

பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். இடுக்குகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். துடைத்தபடியே ஐயாவிடம் பேசினாள். அந்த வீட்டில் பேசுவதற்கு வேறு ஆள் இல்லை.

"காலையில பேர் பதியிற பெரட்டுக்குப் பிந்தி வந்தேன்னு எனக்கு அரைப்பேரு போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? பாதி நாள் சம்பளம் போச்சு. இப்ப பாருங்க, உங்களையும் நான்தான் கழுவுறேன், உங்க செடியையும் நான்தான் கழுவுறேன்."

ஐயா ஒருதரம் இமைத்தார்.

துடைத்த இடத்தில் மறுபடியும் வந்தது. பஜாரில் மருந்துக்கடை முஸ்தாக் போத்தல் ஒன்றைக் கொடுத்து, "அது ஒரு இடத்தில குந்தினா எழும்பாது. சாகிற வரைக்கும் அங்கதான்" என்றான். மருந்துக்கும் போகவில்லை. பசையின் மேல் கரிப்பூஞ்சை படர்ந்து இலைகள் கறுத்தன. அறையில் புளித்த வாசனை நின்றது.

தோட்டத்தில் மரம் கெட்டுப்போனால் செய்வது அவளுக்குத் தெரியும். கவ்வாத்து. இலையும் கிளையும் போக, தேயிலையைக் கட்டையாக வெட்டிவிட வேண்டும். பிறகு சுத்தமாகத் துளிர்க்கும். கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தாள்.

"கவ்வாத்துப் போட்டுடுறேங்கய்யா. பச்சப்பசேல்னு வந்துரும்."

இரண்டு இமைப்பு. மறுபடி இரண்டு. மறுபடி.

"சும்மா கெடங்கய்யா. ஆபீஸ்ல குந்திக்கிட்டு இருந்த ஆளுக்கு மரத்தப் பத்தி என்னா தெரியும்?"

எல்லாவற்றையும் வெட்டினாள். ஐயாவின் கடைக்கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. செடிக்காக அழுகிறார் என்று நினைத்தாள். வெட்டிய இலைகளை ஓர் உரப்பையில் திணித்து, காலையில் எரிக்கலாம் என்று கட்டிலடியில் வைத்தாள்.

காலையில் பையை முற்றத்தில் கொட்டினாள். இலைகளில் ஓர் ஓடுகூட இல்லை. ஒட்டியிருந்த தடம் மட்டும் வெள்ளை வெள்ளையாக இருந்தது.

ஓர்க்கிட் தேயிலை அல்ல. வெட்டிய கட்டைகள் துளிர்க்கவில்லை. அழுகி, சட்டியில் போட்டிருந்த அடுப்புக்கரியோடு கரியாகச் சுருங்கின. அதன்பின் மழை பிடித்தது. பகலிலேயே மூடுபனி ஜன்னலை மறைத்து, டவுனின் சத்தத்தையும் விழுங்கிவிட்டு, கூரைத் தகரத்தில் விழும் நீரை மட்டும் விட்டுவைத்தது. மாரியாயிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஐயாவைப் புரட்டிப் போட இன்னோர் ஆளின் கை வேண்டியிருந்தது. கூப்பிட ஆள் இல்லை. புரட்டாமலே விட்டாள்.

ஐயா கஞ்சி குடிப்பதை நிறுத்தினார். ஊற்றியது கடைவாயில் வழிந்தது. ஆனால் முகம் வாடவில்லை. கன்னம் மினுமினுத்தது.

ஒரு மாலை, விளக்குப் போடப் போனபோது தரை மறுபடியும் காலைப் பிடித்தது. ஜன்னல் பக்கம் அல்ல. கட்டிலின் மறுபக்கம். அண்ணாந்து பார்த்தாள். மேலே வெறும் சீலிங் பலகை.

சொட்டு.

மெத்தையின் விளிம்பிலிருந்து.

கட்டில் காலில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. இறங்கியவற்றின் வயிறு உப்பி, விளக்கொளியில் மஞ்சளாகத் தெரிந்தது.

ஐயாவின் தலையைத் திருப்பினாள். காதுக்குப் பின்னால் ஒன்று. பருப்பளவில். பழுப்பாக. கொழுந்து கிள்ளிய கட்டைவிரல் நகத்தை அதன் அடியில் கொடுத்தாள். டிக்கென்று கழன்றது. இரத்தம் இல்லை. அடியில் இருந்த தோல் இளம்பச்சை.

இடுப்பு வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவரைப் புரட்டினாள். கனமே இல்லை. சட்டையைத் தூக்கினாள்.

ஓடுகள். பிடரியிலிருந்து இடுப்புவரை. ஓட்டின்மேல் ஓடு. சில உள்ளங்கை அளவு.

மூக்கருகே விரலை வைத்தாள். காற்று இல்லை. நெஞ்சில் காதை வைத்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

முதுகில் ஓடுகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. ஒன்றாக அடங்கின.

"ஐயா. உசுரோட இருக்கீங்களா?"

இரண்டு இமைப்பு.

போன் அடித்தது. தயானிதான். மாரியாயி அவரை மெதுவாக மல்லாத்திப் படுக்க வைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

"அக்கா, அப்பா எப்படி இருக்கார்?"

ஜன்னலுக்கு வெளியே பாதை இல்லை, டவுன் இல்லை. மூடுபனியின் வெள்ளை மட்டும்.

"நல்லா இருக்காங்க பாப்பா. முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"சாப்பிடுறாரா?"

"ம். சாப்பாட்டுக்குக் கொறவில்ல. மொகமே தெளிஞ்சிருச்சி."

போனை வைத்தாள். போர்வையை அவர் தாடைவரை இழுத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். எறும்புகளை நசுக்கவில்லை. போர்வை எழும்பியது. அடங்கியது. எழும்பியது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சும் அதே கணக்கில் ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது.