விஜியின் முறை

"ஏலே, நான் வாளை எடுத்து பூதத்தை வெட்டிட்டேன்!" என்று கத்தினான் வினோத்ராஜ்.

"நான் ஈட்டியை எறிஞ்சுட்டேன்!" என்றான் முத்துராஜா.

"நான்... நான் வந்து..." என்று விஜி தொடங்கினாள்.

"மறுபடியும் வெட்டிட்டேன்!" வினோத் அதற்குள் பகடையை உருட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். போடி கடைவீதியில், ஷெரினின் அப்பா வைத்திருந்த ஏலக்காய்க் கடையின் பின்னறையில் நால்வரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஆடியது கதை விளையாட்டு. ஷெரின் கதை சொல்வாள், பூதமும் அவள்தான். மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரர். தன் வீரர் என்ன செய்கிறார் என்று சொல்லிவிட்டுப் பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும்.

கதையில் வீரர்கள் குகைக்குள் நடந்து போகிறவரை விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. சண்டை வந்ததும்தான் சிக்கல். யார் முதலில் கத்துகிறார்களோ அவர்களுடைய அடிதான் பூதத்தின் மேல் விழுந்தது. விஜி யோசித்துப் பேசுகிறவள். அவசரப்பட்டால் அவளுக்கு வார்த்தை திக்கும். அவளுடைய வீரரான மந்திரக்காரி குகைக்குள் நுழைந்ததோடு சரி.

விஜி எழுந்து வாசலுக்குப் போனாள்.

"எங்கடி போற?" என்றாள் ஷெரின்.

"நா... நான் இனிமே வரலை. நீங்களே விளையாடுங்க."

விளையாட வா என்று ஷெரின் முதலில் கூப்பிட்டதே விஜியைத்தான். கதை சொல்கிற நானே அவளைக் கவனிக்காமல் விட்டேனே என்று நினைத்தாள்.

"ஒரு நிமிஷம் இரு விஜி. பூதம் இப்ப அப்படியே நிக்குது. யாரும் அடிக்கக் கூடாது" என்றாள் ஷெரின். "இனிமே சண்டை வந்தா முதல்ல எல்லாரும் பகடை போடணும். பூதமும் போடும். பெரிய நம்பர் விழுந்தவங்க முதல்ல. ஒரு சுத்துக்கு ஆளுக்கு ஒரு முறைதான். ஒருத்தர் முறையில மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது."

"அதெப்படி? இவ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பூதம் நம்மளைத் தின்னுராதா?" என்றான் வினோத்.

"தின்னாது. ஒரு சுத்துங்கிறது கதையில ஒரு மூச்சு விடுற நேரந்தான். நாம இங்கன எவ்வளவு நேரம் பேசுனாலும், அங்கன அவ்வளவுதான் ஆகும். நீ வேகமாக் கத்துனா உன் வீரன் கை வேகமாயிருமாக்கும்?"

முத்துராஜா சிரித்துவிட்டான். வினோத் தலையைச் சொறிந்தான். "சரி, போட்டுப் பாப்போம்."

விஜி தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். பகடை உருண்டது. விஜிக்கு ஆறு! அடுத்தது பூதம். அதற்குப் பிறகு வினோத். முத்துராஜா கடைசி.

வினோத் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"நான் இப்ப அடிக்கலை" என்றாள் விஜி மெதுவாக. "காத்திருக்கேன். பூ... பூதம் யாரையாச்சும் பிடிக்கக் கையை நீட்டுனா, அப்ப அந்தக் கையை மந்திரத்தால கட்டிருவேன்."

இப்படிக் காத்திருக்கலாமா? ஷெரின் இதை யோசித்திருக்கவில்லை. விஜியுடைய முறை, அவள் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டுமே என்று தோன்றியது. "செல்லும்" என்றாள்.

அடுத்து பூதத்தின் முறை. வினோத்தின் வீரனுக்கு ஏற்கெனவே பலத்த காயம். இன்னொரு அடி விழுந்தால் ஆட்டத்தை விட்டே வெளியே போக வேண்டியதுதான்.

"பூதம் வினோத்தைப் பிடிக்கக் கையை நீட்டுது..."

"போச்சு! செத்தேன்!" என்றான் வினோத்.

"இப்ப!" என்று விஜி பகடையை உருட்டினாள். அது ஏலக்காய் மூட்டையில் மோதி நின்றது.

ஐந்து!

"பூதத்தோட கை அப்படியே கட்டுப்பட்டுப் போச்சு!" என்று ஷெரின் துள்ளினாள்.

"ஏ ஆத்தா, பொழச்சேன்!" வினோத் மல்லாந்து படுத்துப் பெருமூச்சு விட்டான். பிறகு விஜியின் பக்கம் திரும்பினான். "நல்லவேளை, நீ போகலை."

விஜி சிரித்தாள். ஷெரினுக்கு அப்போதுதான் மனம் லேசானது.

சுற்று மேல் சுற்றாகச் சண்டை நீண்டது. சாயங்காலம் ஷெரினின் அப்பா கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளைகளா, சத்தத்தையே காணோம்? எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டீகளோன்னு நினைச்சேன்."

வினோத் உதட்டில் விரலை வைத்தான்.

"சத்தம் போடாதீக அங்கிள்" என்று கிசுகிசுத்தான். "விஜி முறை நடக்குது."