எழுபத்தொரு பவுண்டு

லைல் எரிவாயு லாரியைப் பணிமனையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி. அக்டோபர் மாதத்துக்கு வெயில் நன்றாகவே அடித்தது. மலை உச்சிகளில் மட்டும் முதல் பனி விழுந்து, சுண்ணாம்பு பூசியது போலத் தெரிந்தது. கார் கொட்டகையின் கதவை மேலே தூக்கினான். உள்ளேயிருந்து ஈரக் கம்பளி வாடை வந்தது, கூடவே பைன் மரப் புகை.

அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. வேட்டைச் சாமான் கிடக்கிற இடத்தில் மல்லிகையா மணக்கும்?

தரையில் நீலத் தார்ப்பாயை விரித்தான். கூடாரம், தூக்கப் பை, சின்ன அடுப்பு, உலர்ந்த சாப்பாட்டுப் பொட்டலங்கள், கறி கட்டும் துணிப் பைகள், கயிறு, கத்தி, முதலுதவிப் பெட்டி. எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கடைசியாக, உள்ளங்கையில் அடங்குகிற ஓர் ஆரஞ்சு நிறக் கருவி. செல்போன் எடுக்காத மலையில் அதன் பொத்தானை அமுக்கினால் போதும், வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குச் செய்தி போய்விடும்.

ஒன்பது மைல் நடந்து, மூன்று இரவு தங்கி, எல்க் மான் கிடைத்தால் அதையும் முதுகிலேயே சுமந்து இறங்க வேண்டும். அதனால் மலைக்குப் போகிற எவனும் நிறுக்காமல் எதையும் பையில் வைக்க மாட்டான். உத்தரத்துக் கொக்கியில் தொங்குகிற தராசுதான் அவர்களுக்கு நீதிபதி. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டி வைத்திருந்தான் லைல்.

சமையலறைக் கதவில் சாய்ந்து நின்ற அவன் மனைவி ஜோலீன் சிரித்தாள். "பிரஷ்ஷோட வாலை வெட்டுறியே, உன் தொப்பையில கொஞ்சம் வெட்டினா பத்து பவுண்டு குறையுமே?"

"அது என் குளிர்கால இருப்புடி."

"இருப்பு ரெண்டு வருஷத்துக்குத் தாங்கும் போல. அந்த ஆரஞ்சு கருவியை மட்டும் மறந்துடாத. எமெட் மாதிரி மறந்துட்டுப் போய்..." பாதியில் நிறுத்தினாள். "சரி, நான் கடைக்குப் போறேன்."

எமெட் அவனுடைய இருபது வருட வேட்டைக் கூட்டாளி. போன வருடம் இதே மாதத்தில் குருட்டுக்குதிரை ஓடைக்கு மேலே வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, குளிரில் விறைத்துச் செத்துப்போனான். கருவியை எடுத்துவர மறந்தது எமெட்தான் என்று ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிஃபிடம் சொன்னது லைல். செத்தவன் எழுந்து வந்து இல்லையென்றா சொல்லப்போகிறான்?

ஜோலீனின் கார் வளைவில் மறைந்ததும் இன்னொரு வண்டி வந்து நின்றது. எமெட்டின் மனைவி மார்லிஸ் இறங்கினாள். கையில் ஒரு பழைய காபி டப்பா, மூடியைச் சுற்றி அழுத்தமாக டேப் ஒட்டியிருந்தது.

"வா மார்லிஸ். காபி குடிக்கிறியா?"

"வேண்டாம். இவரை உன்கிட்ட ஒப்படைக்கத்தான் வந்தேன்." டப்பாவை மேசைமேல் வைத்தாள். "இவர் உக்காந்திருந்த இடத்துலயே சாம்பலைக் கொண்டு போய்த் தூவிடு."

லைல் டப்பாவை அவள் பக்கமே தள்ளினான். "இந்த வருஷம் நான் வேற பக்கம்ல போறேன்."

"அஞ்சு பவுண்டுதான். சமையல்கட்டுத் தராசுல வச்சுப் பாத்தேன். அவருக்காக வெறுங்கையோட மலையை விட்டு ஓடி வந்தவன் நீன்னு ஊரே சொல்லுது. அஞ்சு பவுண்டு தூக்க மாட்டியா?"

"தூக்கறதுக்கு என்ன..."

"முடியலைன்னா சொல்லிடு, தப்பில்ல. ஷெரிஃபைக் கூட்டிக்கிட்டு நானே போறேன். நீ எந்த வழியா இறங்கின, என்னத்தைத் தூக்கிக்கிட்டு இறங்கினன்னு ஒரு தடவை நானும் பாத்துடறேன்."

அவள் கண்கள் கொட்டகை வாசலுக்கு மேலே போயின. அங்கே ஆறு கிளை விரித்த எல்க் கொம்பு ஆணியடித்து மாட்டியிருந்தது.

"கொண்டு போறேன் மார்லிஸ்," என்றான் அவசரமாக. "அங்கயே போறேன்."

"போ. மடியில கனம் இல்லைன்னா வழியில என்ன பயம்?" சட்டைப் பையிலிருந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். "போன வருஷம் அவர் எழுதின பட்டியல். இதைப் பாத்து எடுத்து வை. அந்த மனுஷன் எதையும் மறக்கிற ஆள் இல்ல."

அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அட்டையில் எமெட்டின் குண்டு குண்டான எழுத்து. ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே எடை, அதை யார் தூக்குவது என்ற குறிப்பு. அடுப்பு, எமெட். கூடாரம், எமெட். பன்னிரண்டாவது வரியில் லைலின் விரல் நின்றது.

'ஆரஞ்சு கருவி. லைல்.'

மார்லிஸுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் வந்திருக்கிறாள்.

உண்மை இதுதான். அந்தக் கருவி அவன் பங்குச் சுமை. கிளம்புகிற நேரத்தில், இது எதற்கு வீண் பாரம் என்று இதே மேசைமேல் எடுத்து வைத்தவன் அவன். அதை எமெட்டிடம் சொல்லவுமில்லை. அதோடு நின்றிருந்தால்கூடத் தவறு என்று விட்டுவிடலாம். எமெட் விழுந்தது நடுப்பகலில். "இங்கயே இருடா. வெறுங்கையோட ஓடுறேன், அஞ்சு மணி நேரத்துல ஆளைக் கூட்டிட்டு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான் லைல். முந்நூறு அடி தூரத்தில், காலையில் சுட்ட எல்க் கிடந்தது. அப்படி ஒரு கொம்பை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ராத்திரி கரடி வந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒரே நிமிடம்தான் யோசித்தான்.

கொம்பையும் முதுகுக் கறியையும் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஐந்து மணி நேரம் பதினொன்றாகியது. வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் அதை ஒளித்துவிட்டுத்தான் ஊருக்குப் போய் உதவி கேட்டான். ஒரு வாரம் கழித்துக் குதிரையோடு போய்க் கொம்பை எடுத்து வந்ததாக ஊரில் கதை கட்டினான்.

திரும்பும் வழியில், எதிர்ச் சரிவில் ஏறும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தான். கீழே விழுந்து கிடந்த மரத்தில் சாய்ந்தபடி, எமெட் அவனைப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டிருந்தான். எமெட் இருந்த இடத்திலிருந்து அந்தச் சரிவு நன்றாகத் தெரியும். அதில் ஏறுகிறவன் முதுகில் கொம்பு இருந்தாலும் தெரியும்.

லைல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சாமான்களைப் பையில் அடுக்கி, நடுவில் டப்பாவை வைத்து, கருவியை மேல் அறையில் செருகினான். கணக்குப்படி நாற்பத்து மூன்று பவுண்டு வரவேண்டும். பையைத் தூக்கித் தராசில் மாட்டினான்.

முள் எழுபத்தொன்றில் நின்றது.

தட்டிப் பார்த்தான். எழுபத்தொன்று. பையை இறக்கிவிட்டு உப்பு மூட்டையை மாட்டினான். மூட்டையில் அச்சடித்திருந்தது இருபத்தைந்து, தராசும் இருபத்தைந்தே காட்டியது. டப்பாவை மட்டும் மாட்டினான். ஐந்து. திரும்பவும் பையை மாட்டினான், இந்தத் தடவை டப்பா இல்லாமல்.

எழுபத்தொன்று.

அந்த எண்ணை அவனுக்குத் தெரியும். போன வருடம் கதவைச் சாத்திக்கொண்டு, கொம்பையும் கறியையும் இதே கொக்கியில் நிறுத்தபோது வந்த எண் அது.

கம்பளி வாடை இப்போது முதுகுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில் வந்தது.

சாப்பாட்டை எடுத்து வெளியே போட்டான். முள் நகரவில்லை. தோட்டாக்களை எடுத்தான். நகரவில்லை. முதலுதவிப் பெட்டியை எடுத்ததும் சட்டென்று அறுபதுக்கு இறங்கியது. கூடாரத்தை எடுத்தான். ஐம்பது. உயிரைக் காப்பாற்றுகிற சாமானாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டது அது. கடைசியில் கருவியை எடுத்தான். அந்தச் சின்னக் கருவியின் எடை கால் பவுண்டுகூட இருக்காது.

நாற்பத்து மூன்று.

திரும்ப வைத்தான். எழுபத்தொன்று. எடுத்தான். நாற்பத்து மூன்று. ஒரு யோசனை வந்தது. கருவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தராசிலிருந்து பையை இறக்கித் தோளில் மாட்டினான். முழங்கால் இரண்டும் மடங்கி அப்படியே தார்ப்பாயில் உட்கார்ந்துவிட்டான். யாரோ தோள்களில் ஏறி உட்கார்ந்து அழுத்துவது போல் இருந்தது.

தவழ்ந்து போய்க் கருவியை மேசைமேல் வைத்தான். போன வருடம் வைத்த அதே இடத்தில்.

பாரம் பஞ்சாகப் பறந்தது.

பிறகு அந்த ஓசை கேட்டது. தட், தட். உள்ளங்கையால் பையை இரண்டு தட்டு. நிறுத்து முடித்ததும் எமெட் எப்போதும் செய்கிற வேலை அது. "போதும்டா, கிளம்பு" என்று அர்த்தம்.

கொட்டகையில் யாரும் இல்லை. தெருவில் வெயில் காய்ந்தது, பக்கத்து வீட்டு நாய் வாலாட்டிக்கொண்டு போனது.

போகாமல் இருந்துவிடலாம். ஆனால் போகாவிட்டால் மார்லிஸ் ஷெரிஃபோடு போவாள், அந்த அட்டையைக் காட்டுவாள். மலையா, ஊர் வாயா என்றால் லைலுக்கு ஊர் வாய்தான் பெரிய பயம். ஒரே நாளில் போய்க் கொட்டிவிட்டு வந்துவிடுவோம், ஒரு பகலுக்குள் என்ன ஆகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். டப்பாவையும் சாப்பாட்டையும் தோட்டாவையும் மட்டும் திரும்ப வைத்தான். அதற்குப் பையும் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் விடியும்போதே ஏறத் தொடங்கினான். பை அவ்வளவு இலகுவாக இருந்தது, கால்கள் தாமாக நடந்தன. பன்னிரண்டு மணிக்குக் குருட்டுக்குதிரை ஓடையைத் தாண்டி, விழுந்து கிடந்த அந்த மரத்துக்கு வந்து சேர்ந்தான். பையை மரத்தில் சாய்த்துவிட்டு, டேப்பைக் கிழித்து, டப்பாவைக் கவிழ்த்தான். சாம்பல் காற்றில் போகவில்லை. கொட்டிய இடத்திலேயே, ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்குப் பரவிப் படிந்தது.

"என்னை மன்னிச்சிடுடா," என்றான். அதை அவன் மனதாரத்தான் சொன்னான். ஒரு வருடம் தாமதமாகச் சொன்னான்.

திரும்பினான். மரத்தின் மேல் கால் வைத்தான். பட்டை உறைபனியில் கண்ணாடியாக வழுக்கியது.

முறிந்த சத்தம்தான் முதலில் கேட்டது. வலி பிறகு வந்தது.

கத்தி ஓய்ந்து கண்ணைத் திறந்தபோது பனி தூவத் தொடங்கியிருந்தது. இடது தொடை போகக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. தோளில் கிடந்த துப்பாக்கியை எடுத்து மூன்று தடவை சுட்டான். எதிர்மலை மட்டும் திருப்பிச் சொன்னது. ஒன்பது மைலுக்குள் கேட்பதற்குக் காது இல்லை.

தூக்கப் பை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. ஜோலீன் நாளைக்குத் தேடச் சொல்வாள். இரவைத் தாண்டிவிட்டால் போதும். முழங்கையால் ஊர்ந்து பையின் வாரைப் பிடித்து இழுத்தான்.

அது காகிதமாகப் பறந்து வந்து அவன் மார்பில் விழுந்தது.

பையின் கொக்கி மாட்டியபடியே இருந்தது. கட்டிய முடிச்சு கட்டியபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. தூக்கப் பை இல்லை, அடுப்பு இல்லை, தீப்பெட்டிகூட இல்லை. ஈரக் கம்பளி வாடை மட்டும் இருந்தது.

தட், தட்.

காதோரம் ஒரு மூச்சு பட்டது. அந்தக் குரல் கோபமாகக்கூட இல்லை. நண்பன் நண்பனுக்குச் சொல்வது போலத்தான் சொன்னது.

"இங்கயே இருடா. ஆளைக் கூட்டிட்டு வந்துடுவேன்."

"எமெட்! எமெட், விட்டுட்டுப் போகாதடா!"

பை சாய்ந்திருந்த இடத்திலிருந்து, புதுப் பனியில், பூட்ஸ் தடம் ஒன்று பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. மேலே ஆள் யாரும் இல்லாமல் தடங்கள் மட்டும் ஒவ்வொன்றாக எதிர்ச் சரிவில் ஏறி, ஊர்ப்பக்கம் நடந்தன.

லைல் முப்பது வருட வேட்டைக்காரன். ஒரு தடத்தைப் பார்த்தால், போகிறது ஆணா பெண்ணா, ஓடுகிறதா நடக்கிறதா என்று சொல்லிவிடுவான். கையைக் கண்ணுக்கு மேல் வைத்து உற்றுப் பார்த்தான். அவசரத்தில் ஓடுகிறவனின் தடம் முன்பாதத்தில் அழுந்தும், எட்டு நீளமாக விழும். இது அப்படி இல்லை. குதிகால் ஆழமாகப் புதைந்திருந்தது. எட்டு குட்டையாக இருந்தது. நூறு எட்டுக்கு ஒரு தடவை நின்று, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து, இளைப்பாறிவிட்டுப் போயிருந்தது.

முதுகில் எழுபது பவுண்டுக்கு மேல் சுமந்து போகிறவன்தான் அப்படி நடப்பான்.

பதினொரு மணி நேரம் ஆகும்.

சரிவின் உச்சியில் தடங்கள் நின்றன. அங்கே இருக்கிறவன் திரும்பிப் பார்க்கிறான் என்பது லைலுக்குப் புரிந்தது. அவன் கை தானாகவே மேலே உயர்ந்தது.