சாட்டிலைட் இல்லாத சாயங்காலம்

கோபிநாத்தின் குரலுக்குப் பின்னால் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் அலைச் சத்தம் இந்த முறை கேட்கவில்லை.

"கடல் சாதாரணமா இருக்கு. ஓவர்" என்றான் அவன், அரியாங்குப்பம் முகத்துவாரத்திலிருந்து.

கட்டுப்பாட்டு அறையில் சிவசங்கரி வயர்லெஸ்ஸின் ஒலியைக் கூட்டினாள். சுனாமிக்குப் பிறகு பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஒத்திகை அது: வானத்தில் இருக்கும் சாட்டிலைட் அத்தனையும் ஒன்றாகச் செத்துப்போனால் கரையோர ஊர்களுக்கு எப்படிச் சேதி சொல்வது? அதற்காகக் காலையிலேயே சாட்டிலைட் போனை அணைத்துவிட்டார்கள். கடல்மட்டம் காட்டும் கம்ப்யூட்டரும் இருண்டு கிடந்தது. கடற்கரைச் சாலையை ஒட்டிய அந்தப் பழைய பிரெஞ்சுக் கட்டடத்தின் மாடியில் ஈரச் சுண்ணாம்பும் சூடேறிய வயரும் கலந்து ஒரு வாடை அடிக்க, சாயங்கால வெளிச்சம் சுவரை விட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"கோபி, அலையே கேக்கலியே?"

பேசும் பொத்தானை விட்டுவிட்டுக் கருவியில் காதை வைத்தாள்.

"ஆமாங்க்கா. சத்தம் நின்னுடுச்சி. நல்லாருக்கு."

"ஒத்திகைக்காக இப்படிச் சொல்லச் சொன்னாங்களா? வெளையாடாத."

"தண்ணி உள்ள போயிடுச்சிக்கா. சனங்க எல்லாம் எறங்கிப் போறாங்க."

அவள் மைக்கில் கத்தினாள். "தடுத்து நிறுத்துடா! எல்லாரையும் மேட்டுக்கு ஏத்து!"

"ஏன்க்கா?"

அவன் மூச்சோடு சேற்றில் கால் புதைந்து எழும் சத்தமும் வந்தது. அவனும் நடந்துகொண்டிருந்தான்.

ஒத்திகை முடியும்வரை போனைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார் அதிகாரி துர்கா மேடம். அவரிடம் சொல்லப் பக்கத்து அறைக்கு ஓடினாள். அறை காலி. மின்விசிறி சுழன்றது. டீ ஆவி பறந்தது.

திரும்பி வந்தாள். சாட்டிலைட் போனை உயிர்ப்பித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அது தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. மேலே ஒரு சாட்டிலைட்கூட இல்லை.

சைரன் பொத்தானை அமுக்கினாள். ஊரே அதிர அலறியது. ஜன்னல் கதவுகளை அகலத் திறந்தாள்.

கடல் இல்லை.

அடிவானம்வரை கருஞ்சேறு. சாய்ந்து கிடந்த படகுகள். சேற்றில் ஊர் போய்க்கொண்டிருந்தது. ஓடாமல், பேசாமல், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு. பாறைகளைத் தாண்டி, வெறுங்காலோடு, துர்கா மேடம். சைரனுக்கு ஒருவரும் திரும்பவில்லை.

உள்ளங்காலில் ஏதோ சில்லிட்டது. சிவசங்கரி குனிந்து பார்த்தாள்.

ஜன்னல் விளிம்பின் மேல் அவள் ஏறி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் ஏற்கெனவே வெளியே இருந்தது.