உடைக் கண்காணிப்பாளர் சிட்டு

சிட்டுவுக்கு அந்த வாரம் ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது. ஆனால் கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை உண்டு. அதில் 'உடைக் கண்காணிப்பாளர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் அவளுடைய அப்பா. வேலை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

அப்பா அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். நல்ல மனிதர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்துவிட்டால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. கீழே போய்த் தபால் பெட்டியைத் திறப்பதென்றாலும் தலைசீவி, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டுக்கொண்டுதான் போவார்.

அப்படிப்பட்டவர் கண்ணில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மாடிக்காரர் பட்டுத் தொலைத்தார். தோட்டத்தில் பனியனோடு நின்று, வாயில் நுரை வழியப் பல் துலக்கிக்கொண்டே, அப்பாவைப் பார்க்க வந்த விருந்தாளிகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். போதாதா? மறுநாளே லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஓர் அறிவிப்பு ஏறிவிட்டது.

'இரவு உடை, முழங்காலுக்கு மேல் ஏறிய கால்சட்டை, கறைபடிந்த துணி ஆகியவற்றுடன் கீழ்த்தளத்துக்கும் தோட்டத்துக்கும் வரக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்.'

அன்று சாப்பிடும்போது அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"சிட்டு, உனக்கு ஒரு கதை தெரியுமா? காலேஜ் படிக்கும்போது உங்க அப்பா ஜீன்ஸ் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தாராம். 'இது கால்சட்டையா, சாக்குப்பையா? மாத்திட்டு உள்ள வா'ன்னு உங்க தாத்தா வாசல்லயே நிறுத்திட்டாராம்."

"அது வேற, இது வேற" என்றார் அப்பா.

"என்ன வேற?"

"அந்தத் தண்ணி ஜக்கை இப்படித் தள்ளு" என்றார் அப்பா.

பலகையில் இருக்கும் அறிவிப்பை யார் படிக்கிறார்கள்? பார்த்தவர்களும் பார்க்காத மாதிரி போனார்கள். பெரியவர்கள் எடுத்துச் சொன்னால் சண்டை வரும், சின்னப் பெண் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள் என்று அப்பா ஒரு கணக்குப் போட்டார். அதனால்தான் சிட்டுவுக்கு அட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அப்பா அலுவலகத்திலிருந்து திரும்பும் வரை, லிஃப்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.

முதலில் மாட்டியவர் ஓட்டக்கார மாமா. ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் மாலையில் தோட்டத்தைச் சுற்றி ஓடுகிறவர்.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க. முழங்கால் தெரியுது."

மாமா குனிந்து பார்த்தார். "ஆமா, என் முழங்கால்தான். ரொம்ப வருஷமா அங்கதான் இருக்கு."

"தெரியக் கூடாது மாமா. ரூல்."

"நான் ஸ்கூலுக்குப் போனப்ப இதைவிடக் குட்டைக் கால்சட்டைதான் யூனிஃபார்ம். நீளமாப் போட்டுக்கிட்டுப் போனா வெளியில நிறுத்திடுவாங்க. இப்ப குட்டையாப் போட்டா நீ நிறுத்துற. நான் என்னதான்மா பண்றது?"

சிட்டு அட்டையை மட்டும் தூக்கிக் காட்டினாள். மாமா கால்சட்டையை முடிந்த மட்டும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் தத்தித் தத்திப் போனார்.

தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெஞ்சு அத்தை இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். சாயங்காலம் ஆனால் அந்த பெஞ்சு அவருக்குத்தான். மடிப்புக் கலையாத உடையில் வந்து உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர்களைத் தலையிலிருந்து கால்வரை எடைபோடுவார்.

"சபாஷ் சிட்டு. இப்பத்தான் இந்த இடம் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார் அத்தை.

சிட்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போது லிஃப்ட் திறந்தது. மூன்றாம் மாடி அக்கா வெளியே வந்தார்.

அக்காவைச் சிட்டுவுக்கு ரொம்பப் பிடிக்கும். முன்பெல்லாம் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைக்கும் தோட்டுக்கும் செருப்புக்கும் நிறம் பொருத்தி அவ்வளவு அழகாக வருவார். மகன் பிறந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. இப்போது தொளதொள என்று ஓர் இரவு உடை. தலைமுடி ஒரே முடிச்சு. தோளில் ஒரு துண்டு, துண்டின் மேல் வீறிட்டு அழும் பாப்பா. உடையின் ஒரு பக்கம் முழுக்கப் பால் கக்கிய கறை.

சிட்டு கொஞ்சம் தயங்கினாள். அத்தை பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்த டிரெஸ்ல வரக் கூடாது. போர்டுல போட்டிருக்கு."

அக்கா பலகையைப் பார்த்தார். பிறகு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். தான் எப்படி இருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்த மாதிரி முகம் சிவந்துவிட்டது.

"சாரிம்மா. நான் கவனிக்கல" என்று சொல்லிவிட்டு, அதே லிஃப்டில் திரும்பி ஏறினார்.

"நீ சொன்னது சரிதான்" என்றார் அத்தை. "என்ன குழந்தையோ, என்ன கோலமோ."

சிட்டு தலையாட்டினாள். ஆனால் லிஃப்ட் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேரும்வரை பாப்பாவின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. அது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா கீழே வரவே இல்லை. மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆனால் பாப்பாவின் அழுகை மட்டும் மாலையானால் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி வந்தது. விடாமல் அழுதான். சிட்டு வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டாள். யாரோ தன் காதருகில் நின்று, 'நீதானே அனுப்பிவைத்தாய்?' என்று கேட்பது போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியவில்லை. எழுந்து மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

கதவைத் திறந்த அக்காவைப் பார்த்ததும் சிட்டு திகைத்துப் போனாள். அக்கா நல்ல நீல உடை போட்டிருந்தார். பொத்தான் பாதிதான் போட்டிருந்தது. தோளிலிருந்து இடுப்புவரை புதுசாகப் பால் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் நாற்காலியில் பச்சை, மஞ்சள், ரோஜா என்று கறைபட்ட உடைகள் மலைபோல் குவிந்து கிடந்தன.

"வா சிட்டு" என்றார் அக்கா. "கீழ வரலாம்னுதான் பார்க்கிறேன். நல்லதா ஒண்ணை எடுத்துப் போடுவேன். கதவுகிட்ட போறதுக்குள்ள கக்கிடுவான். மறுபடி மாத்தலாம்னு கீழ படுக்கவெச்சா கத்துவான். தூக்கினா திரும்பவும் கக்குவான்."

"கீழ வந்தா அழ மாட்டானா அக்கா?"

"தோட்டத்து மூலையில தண்ணி மோட்டார் ஓடுது பாரு, அந்தச் சத்தம் கேட்டா உடனே வாயை மூடிடுவான். ஏன்னு தெரியல. அப்படியே தூங்கிடுவான். அவன் தூங்கற அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் சும்மா உட்காருவேன். இவன் அப்பா கப்பல்ல இருக்கார். வர்றதுக்கு இன்னும் நாளாகும்."

அக்கா சிரிக்கப் பார்த்தார். ஆனால் கண்ணில் நீர் திரண்டுவிட்டது.

"நான் பிடிச்சுக்கறேன் அக்கா. நீங்க மாத்திட்டு வாங்க."

பாப்பாவைக் கையில் வாங்கினாள். பாப்பா ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தான். ஆளைப் பிடித்துப் போய்விட்டது என்று சிட்டு நினைப்பதற்குள், அவளுடைய பள்ளிச் சட்டையிலும் கழுத்தில் தொங்கிய அட்டையிலும் வெதுவெதுப்பாகக் கக்கிவிட்டு, மறுபடி அழ ஆரம்பித்தான்.

சிட்டு அட்டையைப் பார்த்தாள். 'உடைக் கண்காணிப்பாளர்' மேல் பால் வழிந்தது. ரூல்படி பார்த்தால் இப்போது அவளே கீழே போகக் கூடாது.

அட்டையைக் கழற்றிப் பாவாடைப் பைக்குள் திணித்தாள்.

"அக்கா, நல்ல டிரெஸ் எல்லாம் வேண்டாம். உங்களுக்கு எது வசதியோ அதையே மாட்டிக்கிட்டு வாங்க. மோட்டார் இப்ப ஓடுது. நிறுத்தறதுக்குள்ள போயிடலாம்."

"உங்க அப்பா?"

"அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள் சிட்டு. சொல்லிவிட்டாளே தவிர, என்ன பேசப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

அக்கா நீல உடையைக் கழற்றிவிட்டு, அந்தத் தொளதொள இரவு உடையிலேயே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். தோட்டத்துக்குள் கால் வைத்ததும் ஓட்டக்கார மாமா ஓட்டத்தை நிறுத்தினார். பெஞ்சு அத்தை புருவத்தைத் தூக்கினார்.

"என்ன சிட்டு, ரூல் எல்லாம் காத்துல பறக்குதா?"

"ஆமா அத்தை. கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அக்காவுக்கு இடம் வேணும்."

அத்தைக்கு யாரும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. ஆச்சரியத்திலேயே தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா உட்காரக்கூட இல்லை. வாசலில் அப்பா வந்துவிட்டார்.

அலுவலகத்திலிருந்து வந்திருந்தாலும், காலையில் போனபோது இருந்த அதே மடிப்பு சட்டையில் அப்படியே இருந்தது. இரவு உடையில் நிற்கும் அக்காவைப் பார்த்தார். பால் நனைந்த சட்டையோடு நிற்கும் மகளைப் பார்த்தார். காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். செயலாளர் என்ன சொல்லப்போகிறார் என்று மாமாவும் அத்தையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிட்டு, இது என்ன?"

அக்கா பதறிவிட்டார். "தப்பு என் மேலதான் சார். இதோ போய் மாத்திட்டு வந்துடறேன்."

சிட்டு அட்டையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இந்த வேலை எனக்கு வேண்டாம்பா. நான் திருப்பி அனுப்பினதால அக்கா இவ்வளவு நாளா கீழயே வரல. அவங்க மாத்திட்டு வரணும்னா பாப்பாவை யாராவது பிடிச்சுக்கணும். நான் பிடிச்சா அழறான். நீங்க பிடிங்க."

சுற்றிலும் ஆட்கள். அட்டையை நீட்டிக்கொண்டு மகள். அப்பாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தை வாங்குவது போல் அக்காவிடமிருந்து இரண்டு கையாலும் பாப்பாவை வாங்கினார்.

"சார், தோள்ல துண்டு..." என்று அக்கா ஆரம்பித்தார்.

அதற்குள் வேலை முடிந்துவிட்டது. சட்டைப்பையில் தொடங்கிய பால் பெல்ட்டில் போய் நின்றது.

அப்பா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அக்கா அன்று பார்த்தாரே, அதே போல.

"நாள் முழுக்க இப்படித்தானாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"ராத்திரியும் சார்" என்றார் அக்கா. "தூங்கியே ரொம்ப நாளாச்சு."

அப்பா பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "நீங்க ஒண்ணும் மாத்த வேண்டாம். உட்காருங்க. நான் இவனை மோட்டார்கிட்ட கொண்டுபோறேன்" என்றார்.

அவர் மோட்டார் அறை வாசலில் போய் நின்றதும், யாரோ சொல்லிவைத்த மாதிரி பாப்பாவின் அழுகை நின்றது. அப்பா இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் நடந்தார். சட்டை வெளியே வந்து தொங்கியது. அதை உள்ளே விட ஒரு கை கிடைக்கவில்லை. ஓட்டக்கார மாமா வந்து, "தலையை இப்படிப் பிடிங்க. ஆங், அப்படித்தான்" என்று பக்கத்திலேயே நடந்தார். முழங்கால் நன்றாகவே தெரிந்தது.

சிட்டு திரும்பிப் பார்த்தபோது அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை மெல்லச் சாய்ந்து சாய்ந்து, கடைசியில் பெஞ்சு அத்தையின் மடிப்புக் கலையாத தோளில் வந்து விழுந்தது.

சிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை அசையவில்லை. "பாவம், கழுத்து வலிக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே, தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.

தூரத்திலிருந்து அப்பா சிட்டுவைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அடிமேல் அடி வைத்துப் போய், அறிவிப்பில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் கழற்றினாள்.

அந்த நேரம் பார்த்து அம்மா வேலையிலிருந்து வந்தார். கையில் குழந்தையும், தொங்கும் சட்டையும், இடுப்புவரை பாலுமாக நின்ற அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க இது கோலம்?"

"உஷ்" என்றார் அப்பா. "மெதுவாப் பேசு. அந்தப் பொண்ணு தூங்குது."