கணுவுக்கு ஒரு முடிச்சு

மெழுகுத் தட்டில் கரப்பான்பூச்சியின் ஆறு கால்களும் குண்டூசிகளுக்கடியில் அசையாமல் கிடந்தன. சுரண்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

விலங்கியல் பேராசிரியர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். மாணவர்கள் போய்விட்ட ஆய்வகம். மூக்கை எரிக்கும் ஃபார்மலின் நெடி, பிற்பகல் வெயிலில் குப்பிகளுக்குள் மஞ்சளாக ஊறும் தவளைகள், தொட்டியருகே தட்டுகளைக் கழுவும் அட்டெண்டர் அம்மாவின் வளையல் ஓசை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சீரான சுரண்டல்.

“மயக்கமருந்து போடாமலே அறுத்துட்டீங்களே சார், பாவம்” என்றாள் அவள், திரும்பாமலே.

“பாவமா? இதுக்கு மூளைன்னு சொல்லிக்கிறதே கடுகளவு. கணுவுக்குக் கணு ஒரு நரம்புமுடிச்சு, அதது தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். தலையை வெட்டினாலும் ஒரு வாரம் நடக்கும். மனுஷன் அப்படியா? தலை சொன்னாத்தான் கை அசையும்.”

“எங்க வீட்டுக்காரருக்குத் தலை சொன்னாலும் அசையாது சார்.”

அவர் உதட்டைச் சுழித்தார். இவளிடம் நரம்பு மண்டலத்தைப் பேசியது தன் தவறு. பூச்சிக்காவது நாக்கு நீளமில்லை.

சுரண்டல் தொடர்ந்தது. எரிச்சலோடு குனிந்து மேசைக்கடியில் பார்த்தார்.

அவருடைய இடக்கை. நகங்களால் மரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

நில் என்று நினைத்தார். நிற்கவில்லை. வலக்கையால் அதைப் பிடிக்கப் பார்த்தார். வலக்கை வரவில்லை. கத்தரிக்கோலை இறுக்கிக்கொண்டது.

கால்கள் எழுந்தன. அவர் எழவில்லை.

ஓர் அடி. இன்னோர் அடி.

கத்த முயன்றார். வாய் கேட்கவில்லை.

தொட்டிமேல் குனிந்திருந்தாள் அவள். கொண்டைக்குக் கீழே வியர்த்த பிடரி. மண்டையும் முதுகெலும்பும் சேரும் பள்ளம். தவளையில், முனை செருகி மூளையைச் சிதைக்கும் அந்த இடத்தை அவர் விரல்கள் பார்க்காமலே கண்டுபிடிக்கும்.

ஓடும்மா. ஓடு.

தலைக்குள் மட்டும் அலறல்.

இடக்கை நீண்டது. பிடரி மயிரை மெல்ல ஒதுக்கியது. விரல்நுனி தடவியது. தேடியது. நின்றது.

அவள் உடம்பு சிலிர்த்தது. திரும்பவில்லை, கழுத்தை இன்னும் தாழ்த்திக்கொடுத்தாள்.

“பூச்சியா சார்? எடுத்துவிடுங்க.”