முதுகில் பூனைமுடி

குளிப்பாட்டும்போது சோப்பு நுரை குழந்தையின் முதுகில் வழுக்கி இறங்காமல் அப்படியே தங்கி நின்றதை அவள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றித் துடைத்தபோதுதான் தோள்பட்டை தொடங்கி இடுப்புவரை ஈரத்தில் படிந்து கிடந்த கறுத்த முடி விரலில் தட்டுப்பட்டது.

பூனைமுடிதான், தானாக உதிர்ந்துவிடும் என்றான் கணவன். உதிரவில்லை. கன்னத்துக்கும் நெற்றிக்கும் ஏறியது.

குழந்தை மருத்துவர் நிதானமாக விசாரித்தார். பிறவியிலேயே இருக்கலாம், சுரப்பிக் கோளாறாக இருக்கலாம், சில மருந்துகளாலும் வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கணவனின் வழுக்கையைப் பார்த்து நிறுத்தினார்.

"தலையில முடி வளர ஏதாவது தடவுறீங்களா?"

தடவிக்கொண்டிருந்தான். மகள் தூங்குவதோ அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு. மருந்து அவள் தோலில் இறங்கியிருக்கும், நிறுத்தினால் சில மாதத்தில் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். புட்டி அன்றே குப்பைக்குப் போனது.

மாதங்களும் போயின. முடிதான் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கரடிக்குட்டி என்று கொஞ்சியது அவனுக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. என்னால்தானே, என்னால்தானே என்று புலம்பினான். சோறு இறங்கவில்லை. பெற்ற மகளின் முகத்தைப் பார்ப்பதையே விட்டான்.

மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம், தையல் மெஷினில் குனிந்திருந்தவளுக்குக் குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு, காய்ந்த தோலைச் சுரண்டுவதுபோல் சவரக்கத்தியின் கரகரப்பு. குழந்தை வீறிட்டது. அவள் மெஷினை விட்டு எழுந்தாள். ஓடிப்போய்க் கதவை அறைந்தாள்.

"என்னங்க, திறங்க. அவளை விடுங்க."

"கொஞ்சந்தான்டி. பாதி எடுத்துட்டேன்." அவன் குரல் உடைந்திருந்தது. பிறகு மெதுவாக, "முடியை வெட்டினா முடியிலருந்து ரத்தம் வருது."

அழுகை நின்றது.

வாளி உருண்டது. ஏதோ சுவரில் மோதியது. மறுபடி மோதியது. எலும்பு நொறுங்கும் சத்தம். அவன் அலறல், பாதியில் அடைத்துக்கொண்டது.

இஸ்திரிப்பெட்டியால் கதவை இடித்தாள். தாழ்ப்பாள் தெறித்தது.

தரையெல்லாம் ரத்தம். அவன் மல்லாந்து கிடந்தான். கை ஒன்று பின்பக்கமாக மடங்கியிருந்தது. குழந்தையின் உடம்பிலிருந்து நீண்ட முடி அவன் வாயிலும் மூக்கிலும் கற்றை கற்றையாக நுழைந்திருந்தது. தொண்டைத் தோலுக்கு அடியில் அது நெளிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் கண்கள் இன்னும் அசைந்தன.

குழந்தை திரும்பிப் பார்த்தது. தூக்கச் சொல்லி அவளிடம் இரண்டு கைகளையும் நீட்டியது.